ரூட் கெனால் சிகிச்சை: பல்லின் வேரைக் கழுவுவதில் ஏன் இத்தனை கவனம்?

கடைவாய்ப் பல் வலி எடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பீர்கள். பிறகு ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்வீர்கள். அப்புறம் இரண்டு பெனடோல். அதற்கும் அடங்கவில்லை என்றால், "பேசாம புடுங்கிப் போட்டுடு, தொல்லை விட்டுது" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

மந்தின், பாத்தாங் பெனார், லெங்கெங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பல் டாக்டரைப் பார்க்க சிரம்பானுக்குப் போக வேண்டும் என்றால் அன்றைய சம்பளம் போய்விடும். ஒரே தடவையில் முடிகிற வேலை என்றால் அது பல்லைப் பிடுங்குவதுதான்.

இன்று அந்தப் பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். அதற்கு இருக்கும் வழிதான் ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை. ஆனால் இதைப் பற்றி ஒரு புகார் அடிக்கடி காதில் விழும்: "அவ்வளவு வெள்ளி கொடுத்து ரூட் கெனால் செஞ்சேன், இப்ப திரும்பவும் வீங்குது." ஏன் இப்படி ஆகிறது? காரணங்கள் பல. அவற்றில் முக்கியமான ஒன்றைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. அது வேரின் உட்புறத்தைக் கழுவும் வேலை.

வேர் சிகிச்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டிரில் சத்தமும் ஊசியும்தான். உண்மையில் சிகிச்சையின் வெற்றியில் பெரும்பங்கு, வேருக்குள் பாய்ச்சப்படும் சில மில்லிலிட்டர் மருந்துத் தண்ணீரிடம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு நீங்கள் ஏன் நேரம் கொடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே நாம் பார்ப்பது பல்லின் தலைப்பகுதி மட்டும்தான். அதற்குக் கீழே எலும்புக்குள் புதைந்திருப்பது வேர். பல்லின் நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கலந்த மென்மையான சதை ஒன்று இருக்கிறது. பல் கூழ் என்பார்கள். நம் பேச்சில் "நரம்பு" என்கிறோம். அந்தக் கூழ் மெல்லிய குழாய் வழியாக வேர் நுனி வரை இறங்குகிறது. அந்தக் குழாய்தான் வேர்க்குழாய்.

ஒரு பல்லுக்கு ஒரே குழாய்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக 2 வேர்களும் 3 குழாய்களும் இருக்கும். சிலருக்கு 4 குழாய்கள். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு 3 வேர்கள். அதிலும் பலருக்கு 4 குழாய்கள் உண்டு. அந்த நாலாவது குழாய் எளிதில் கண்ணில் படாது.

அந்தக் குழாய்கள் நேராகவும் உருண்டையாகவும் இருப்பதில்லை. வளைந்து போகும், இரண்டாகப் பிரியும், மறுபடி சேரும். இரண்டு குழாய்களுக்கு நடுவே தட்டையான சந்து மாதிரி இணைப்பு இருக்கும். வேர் நுனி அருகில் மரத்தின் சல்லிவேர் மாதிரி கிளைகள் போகும். போதாததற்கு, குழாயின் சுவரிலேயே நுண்ணிய துளைகள் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் துளைகள். ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 1 முதல் 3 பங்குதான். கிருமி நுழைய அது போதும்.

வலிக்கு உண்மையான காரணம் எது?

சொத்தை ஆழமாகி கூழைத் தொட்டதும் கிருமிகள் உள்ளே இறங்கும். கூழ் அழுகும். பிறகு அந்தக் கிருமிகள் வேர்க்குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு வாழத் தொடங்கும். அவற்றின் நச்சு வேர் நுனி வழியாக வெளியேறி, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாகத் தெரியும் வட்டம் அதுதான்.

இதை ஐயமில்லாமல் காட்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. 1965-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பல்லில் துளையிட்டுக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, உணவுத் துணுக்குகள் உள்ளே அடைந்தும்கூட, காயம் தானாக ஆறத் தொடங்கியது. நோயைக் கொடுப்பது துளை அல்ல, கிருமி என்று அதிலிருந்து தெளிவானது.

ஆகவே வேர் சிகிச்சையின் நோக்கம் "நரம்பை எடுப்பது" மட்டும் அல்ல. கிருமியை முடிந்த மட்டும் அகற்றி, அது மறுபடி உள்ளே வராதபடி அடைப்பதுதான்.

டாக்டர் ஊசி போன்ற கம்பியால் சுரண்டுகிறாரே, அது போதாதா?

போதாது. அந்தக் கம்பிக்கு ஃபைல் என்று பெயர். மெல்லிய அரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உருண்டையான துளையைத்தான் செதுக்கும். வேர்க்குழாயோ பல இடங்களில் தட்டை, சில இடங்களில் கிளை. ஒரு உருண்டைக் கம்பியை வைத்துத் தட்டையான சந்தைச் சுரண்டினால் ஓரங்கள் அப்படியே இருக்கும்தானே?

2001-இல் சுவிட்சர்லாந்தில் பீட்டர்ஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் மேல்தாடைக் கடைவாய்ப் பற்களை நுண் சிடி ஸ்கேன் மூலம் அளந்து பார்த்தார்கள். நவீன ஃபைல்களைப் பயன்படுத்திய பிறகும், குழாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ கருவி படாமலே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு சுவரைக் கம்பி தொடவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுரண்டும்போது வரும் தூள், அழுகிய சதையுடன் குழைந்து, சுவரில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். நுண் துளைகளின் வாயை அது மூடிவிடும். உள்ளே பதுங்கிய கிருமிக்கு அது கதவு சாத்திய மாதிரி.

கம்பி போகாத இடத்துக்குப் போகக்கூடியது திரவம் மட்டும்தான். எனவேதான் பல் மருத்துவர்கள் கம்பியின் வேலை வழி திறப்பது, சுத்தம் செய்வது தண்ணீரின் வேலை என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

வேருக்குள் பாய்ச்சுவது என்ன தண்ணீர்?

முதலிடம் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். துணி வெளுக்க நாம் வாங்கும் குளோரோக்ஸில் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். வேர் சிகிச்சையில் இதை 0.5 முதல் 6 விழுக்காடு வரையிலான வலுவில் பயன்படுத்துகிறார்கள்.

முதலாம் உலகப் போரின்போது, சீழ் பிடித்த காயங்களைக் கழுவ 0.5 விழுக்காடு கரைசலை ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளர் தயாரித்தார். அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை மருத்துவர் அதைப் போர்முனை மருத்துவமனையில் பயன்படுத்தினார். பிறகு 1930-களில் இதைக் கூடுதல் வலுவில் பல் வேருக்குள் செலுத்த ஆரம்பித்தார்கள்.

இதன் தனிச்சிறப்பு, இது இரண்டு வேலை செய்யும். கிருமியைக் கொல்லும், அழுகிய சதையையும் கரைக்கும். கரைக்கும் வேலையை இது அளவுக்குச் செய்கிற வேறு மருந்து பல் மருத்துவத்தில் இல்லை. ஆனால் மாவு மாதிரி அப்பிய பல் தூளை இதனால் அகற்ற முடியாது.

அதற்கு இரண்டாவது திரவம் வேண்டும். அதன் பெயர் இ.டி.டி.ஏ. பொதுவாக 17 விழுக்காடு வலுவில் இருக்கும். பல் தூளில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து இழுத்துக் கரைத்துவிடும். நார்வே நாட்டுப் பல் மருத்துவர் நிகார்ட் ஓஸ்ட்பி 1957-இல் இதை வேர் சிகிச்சைக்குக் கொண்டு வந்தார்.

மூன்றாவதாக, சில வேளைகளில் 2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின். கிருமியைக் கொல்லும், ஆனால் சதையைக் கரைக்காது. இதை ஹைப்போகுளோரைட்டுடன் நேரடியாகக் கலக்கக் கூடாது. கலந்தால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு படிவு உண்டாகி, பல்லில் கறை ஏறும், துளைகளும் அடைபடும். அதனால் இரண்டுக்கும் இடையில் உப்புநீர் விட்டு அலசிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. "குளோரோக்ஸ்தானே, வீட்டிலேயே கொஞ்சம் கலந்து கொப்பளிச்சா என்ன?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் அதைப் பல்லுக்குள் மட்டும், வாயில் படாதபடி தடுப்புக் கட்டி, அளந்து விடுகிறார். வீட்டில் கொப்பளித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

மருந்து இருந்தும் ஏன் நுனி வரை போவதில்லை?

பிரச்சினை இங்கேதான். வேர்க்குழாய் ஒரு முனை மூடிய சின்னக் குழல் மாதிரி. வாய் குறுகிய பாட்டிலில் புனலை இறுக்கமாக வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், தண்ணீர் புனலிலேயே நிற்கும். வேர் நுனியிலும் அப்படியே ஒரு காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். மேலே எவ்வளவு மருந்து ஊற்றினாலும் கடைசி மில்லிமீட்டர்கள் நனையாமல் போகலாம். கிருமிக்குப் பிடித்த இடமும் அந்தக் கடைசி மில்லிமீட்டர்கள்தான்.

சிரிஞ்சு ஊசியால் பாய்ச்சும் மருந்து, ஊசி முனையைத் தாண்டி சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரைதான் புரளும். ஆகவே ஊசி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது முக்கியம். பழைய தடிமனான ஊசி பாதி வழியிலேயே நின்றுவிடும். இப்போது பயன்படும் 30 கேஜ் ஊசியின் வெளி அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அது இறங்க வேண்டுமானால், குழாயும் நுனி அருகில் அந்த அளவுக்காவது அகலப்பட்டிருக்க வேண்டும்.

அதற்காக நுனி வரை இறக்கி அழுத்தியும் விடக் கூடாது. மருந்து வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால் அது விபத்து. திடீரென்று தாங்க முடியாத வலி, சில நிமிடங்களில் முகம் வீங்குவது, பிறகு தோலில் நீலம் பாய்வது இவையெல்லாம் அதன் அடையாளங்கள். அரிதாகத்தான் நடக்கும். அதைத் தவிர்க்கவே, முனை மூடி பக்கவாட்டில் துளை உள்ள ஊசிகள் வந்திருக்கின்றன. ஊசி குழாய்க்குள் இறுகாமல், மேலும் கீழும் அசைந்துகொண்டே, மெதுவாக மருந்தை விட வேண்டும். நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்திக்கொள்வார்கள்.

நேரமும் ஒரு விஷயம். அழுகிய சதையுடன் சேர்ந்ததும் ஹைப்போகுளோரைட் சில நிமிடங்களில் வலு இழந்துவிடும். ஒரு முறை ஊற்றிவிட்டு விட முடியாது. பழையதை வெளியேற்றி, புதியதைத் திரும்பத் திரும்பப் பாய்ச்ச வேண்டும். நீங்கள் வாயைத் திறந்தபடி "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று நினைக்கும் அந்த நிமிடங்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இப்போது வந்துள்ள புதிய வழிகள் எவை?

ஊற்றினால் மட்டும் போதாது, உள்ளே கலக்கிவிட வேண்டும் என்பதுதான் இன்றைய அணுகுமுறை. பாட்டிலைக் கழுவும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறோம் அல்லவா, அது போலத்தான். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

கையால் கலக்குவது: குழாயின் அளவுக்குப் பொருந்தும் மெல்லிய கட்டாபெர்ச்சா குச்சியை மருந்துக்குள் விட்டு, 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வேகமாக மேலும் கீழும் அசைப்பார்கள். காற்றுக் குமிழி உடைந்து மருந்து நுனிக்கு இறங்கும். இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. சின்ன கிளினிக்கிலும் செய்யலாம்.

அதிர்வால் கலக்குவது: மெல்லிய பிளாஸ்டிக் முனையை அதிர வைக்கும் பேட்டரிக் கருவி. சுவரைச் செதுக்காது என்பது இதன் நன்மை.

அல்ட்ராசோனிக்: மெல்லிய உலோகக் கம்பி ஒன்று விநாடிக்கு 25,000 முதல் 30,000 முறை அதிரும். கம்பியைச் சுற்றி மருந்து சுழல்கிறது. அந்தச் சுழல் சந்துக்குள்ளும் புகுந்து படலத்தைப் பெயர்க்கிறது. பொதுவாக 20 விநாடி வீதம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புது மருந்து விட்டுச் செய்வார்கள்.

உறிஞ்சி இழுப்பது: மருந்தை மேலே ஊற்றி, நுனியில் வைத்த நுண்குழாயால் கீழிருந்து உறிஞ்சுவார்கள். அழுத்தித் தள்ளாததால், மருந்து நுனியைத் தாண்டிப் போகும் அபாயம் குறைவு.

இவை தவிர லேசர் கருவிகளும் உண்டு. அவற்றின் விலை அதிகம்.

அப்படியானால் கருவி இருந்தால் கட்டாயம் பல் பிழைக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில், பிடுங்கிய பற்களில் சோதித்தால், கலக்கிக் கழுவிய வேர் தெளிவாகச் சுத்தமாகிறது. ஆனால் நோயாளிகளிடம் இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. ஒரே வேர் கொண்ட பற்களில் 2013-இல் வெளியான ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், அல்ட்ராசோனிக் செய்தவர்களுக்கும் சிரிஞ்சால் மட்டும் கழுவியவர்களுக்கும் எலும்பு ஆறியதில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

மருந்தின் வலுவிலும் இதே கதை. இந்தியாவின் ரோத்தக் நகரில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு 1 விழுக்காடு, 5 விழுக்காடு என இரு வலுவில் ஹைப்போகுளோரைட் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து ஆறிய விகிதத்தில் உறுதியான வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பளபளக்கும் கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சரியான ஊசி, போதிய மருந்து, போதிய நேரம், கவனமான கை, இவை இருந்தால் சாதாரண கிளினிக்கிலும் நல்ல சிகிச்சை கிடைக்கும்.

கித்தாவுக்கும் பல் வேருக்கும் என்ன உறவு?

தோட்டத்து மக்களுக்குக் கித்தா என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. "கெத்தா" என்ற மலாய்ச் சொல்தான் நம் வாயில் கித்தா ஆனது. அதே சொல் பல் மருத்துவத்திலும் நுழைந்திருக்கிறது. கழுவி உலர்த்திய வேர்க்குழாயை அடைக்கும் பொருளுக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். அது "கெத்தா பெர்ச்சா" என்ற மலாய்ச் சொல்லின் ஆங்கில உச்சரிப்பு.

இது நாம் வெட்டிய பால்மரத்தின் பால் அல்ல. இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால். 1840-களில் சிங்கப்பூரில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அந்தப் பொருள், 19-ஆம் நூற்றாண்டிலேயே பல் வேருக்குள்ளும் போய்விட்டது. இன்றும் உலகெங்கும் வேர்களை அடைப்பது அதுதான்.

பால்மரத்து ரப்பருக்கும் இதில் இடம் உண்டு. 1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம், மெல்லிய ரப்பர் தகட்டில் ஓட்டை போட்டு, பல்லை மட்டும் அதன் வழியாக வெளியே எடுத்து வேலை செய்தார். அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டமே கிடையாது. பால்மர நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததே 1877-இல்தான்.

அந்த ரப்பர் தகடு இரண்டு வேலை செய்கிறது. வெளுப்பு மருந்து வாயிலும் தொண்டையிலும் படாமல் தடுக்கிறது. எச்சிலில் இருக்கும் கிருமி, கழுவிய வேருக்குள் திரும்ப இறங்காமலும் தடுக்கிறது. தைவானில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் பதிவுகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ரப்பர் தகடு கட்டிச் செய்த பற்களில் 90.3 விழுக்காடு சுமார் மூன்றரை ஆண்டு கழித்தும் வாயில் இருந்தன. கட்டாமல் செய்தவற்றில் 88.8 விழுக்காடு. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஒரு ரப்பர் துண்டால் கிடைக்கும் நன்மை இது. வேர் சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள் இரண்டுமே இதை வலியுறுத்துகின்றன.

ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பர் கலக்காத தகடும் இருக்கிறது.

"வலி போயிடுச்சு, இனி எதுக்குப் போகணும்?"

பலரும் தவறுகிற இடம் இது. முதல் தடவை கூழை எடுத்துக் கழுவியதுமே உள்ளே இருந்த அழுத்தம் குறைகிறது, வலி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அடுத்த தேதிக்கு மறுபடி லீவு, மறுபடி பயணம். "வலிதான் இல்லையே" என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் பல்லின் மேல் இருப்பது தற்காலிக அடைப்பு மட்டும்தான். சில வாரங்களில் அது தேய்ந்து கசியும். எச்சில் உள்ளே இறங்கும். கிருமி மறுபடி குடியேறும். கழுவியதெல்லாம் வீண். கூழ் இல்லாத பல்லில் உணர்ச்சி இல்லை என்பதால், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. திரும்ப வலிக்கும்போது எலும்பு அரிக்கப்பட்டிருக்கும், சில வேளை பல்லே பிளந்திருக்கும்.

ஆகவே தொடங்கிய சிகிச்சையை முடியுங்கள். வேரை அடைத்த பிறகு மேலே நிரந்தர அடைப்போ உறையோ போடும் வரை சிகிச்சை முடிந்ததாக நினைக்காதீர்கள். வேலை இடத்தில் விடுப்பு சிக்கலாக இருந்தால், எத்தனை தடவை வர வேண்டும் என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். சில பற்களுக்கு ஒரே அமர்வில் முடிக்கவும் வாய்ப்புண்டு. பார்த்த நாளுக்கு எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் ஆறவில்லை என்றால்?

முதல் வழி, பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி கழுவி அடைப்பது. அது முடியாத நிலையில், உதாரணமாக உள்ளே ஊன்றிய கம்பியை எடுத்தால் பல் உடையும் என்றால், வேர் நுனி அறுவை சிகிச்சை செய்வார்கள்.

இதில் மருத்துவர் ஈறைத் திறந்து, எலும்பில் சின்ன ஜன்னல் போட்டு, வேர் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி எடுப்பார். ஏன் 3 மில்லிமீட்டர்? மருந்து எட்டாத பக்கக் கிளைகளில் பெரும்பாலானவை அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

இங்கே கழுவும் முறை வேறு. எலும்பு திறந்திருப்பதால் வெளுப்பு மருந்தை விட மாட்டார்கள். கிருமி நீக்கிய உப்புநீர்தான். வெட்டிய வேரின் முகத்தில் நீல மை தடவி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். கழுவப்படாத சந்து இருந்தால் நீலக் கோடாகத் தெரியும். பிறகு அல்ட்ராசோனிக் முனையால், உப்புநீர் பாய்ந்துகொண்டே இருக்க, வேருக்குள் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைவார்கள். அந்த நீர் முனையின் சூட்டைத் தணிக்கும், தூளையும் அடித்துக்கொண்டு போகும். மெல்லிய குழாயால் குழியை அலசி, உலர்த்தி, எம்.டி.ஏ. போன்ற சிமெண்டால் அடைப்பார்கள். திறந்த சதைக்குள் காற்று புகுந்தால் ஆபத்து என்பதால், காற்றை முன்னால் ஊதாத டிரில்லைத்தான் பயன்படுத்துவார்கள்.

பழைய முறைக்கும் நுண்நோக்கி முறைக்கும் வெற்றியில் பெரிய இடைவெளி உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கின்படி பழைய முறையில் வெற்றி 59 விழுக்காடு, நுண்நோக்கி முறையில் சுமார் 94 விழுக்காடு. இந்த அறுவையைப் பயிற்சி பெற்ற நிபுணரிடம் செய்வதே நல்லது.

முக்கியமாக ஒன்று. அறுவையில் கழுவப்படுவது வேரின் கடைசிப் பகுதி மட்டும்தான். மேலே உள்ள நீண்ட குழாய் கழுவப்படாமல் இருந்தால் நோய் திரும்பும். முதல் தடவையே வேரை நன்றாகக் கழுவுவதற்கு அறுவை ஈடாகாது.

டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, இனிப்புநீர் இருக்கிறது. கட்டுப்படாத இனிப்புநீர் இருந்தால் வேர் நுனிப் புண் ஆறத் தாமதமாகலாம். இனிப்புநீர், இருதய நோய், இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

ரப்பர் தகடு கட்டிச் செய்வீர்களா?

என் பல்லில் எத்தனை குழாய்? எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கழுவியாச்சா?

எத்தனை தடவை வரணும்? நிரந்தர உறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு வெள்ளி ஆகும்?

ஆறியதா என்று பார்க்க மறுபடி எப்போது எக்ஸ்ரே எடுப்பீர்கள்?

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். சிகிச்சை தருபவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா என்பதை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு இல்லாமல் பல் சிகிச்சை செய்வது குற்றம். 300,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். ஆள் வீட்டுக்கே வந்து மலிவாகச் செய்து தருகிறார் என்றால் அங்கே தள்ளி நிற்பதே நல்லது.

எப்போது உடனே போக வேண்டும்?

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது லேசாக வலிப்பது சாதாரணம். ஆனால் வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், காலை வரை காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை நடக்கும்போதே திடீரென்று கடும் எரிச்சலோ, தொண்டையில் குளோரோக்ஸ் வாடையோ தெரிந்தால், கையைத் தூக்கி டாக்டருக்குச் சைகை காட்டுங்கள். பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

பிடுங்கிய கடைவாய்ப் பல் திரும்ப முளைக்காது. அந்த இடத்தில் செயற்கைப் பல் வைக்க, வேர் சிகிச்சையை விட அதிகச் செலவாகலாம். வைக்காமல் விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், மெல்லுவதும் ஒரு பக்கமாகிவிடும். வலிக்கிற பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியும் என்று டாக்டர் சொன்னால், வேரைக் கழுவி முடிக்கும் வரை அவருக்கு நேரம் கொடுங்கள். வலி போன பிறகும், அடுத்த தேதிக்கு மறக்காமல் போய் வாருங்கள்.